சிவப்புப் புள்ளி வைத்த எல்போ

வெர்லீன் ஸ்டப்ஸ் எதைக் கேட்டாலும் இரவல் கொடுப்பாள். கக்கூஸ் குழாய்ச் சாமானை மட்டும் கொடுக்க மாட்டாள். வண்டியையே வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகத் திரிகிறவர்களுக்கு அதில் சுத்தபத்தம் அதிகம். கழிவுக் குழாய் பின் பம்பரின் பொந்துக்குள், மூடி போட்டு இருக்க வேண்டும். அந்தக் குழாயைச் சாக்கடைத் துளையில் மாட்டும் வளைந்த துண்டான எல்போவும், கையுறையும் மூடி போட்ட வாளிக்குள். குடிதண்ணீர்க் குழாய் வண்டியின் மறுகோடியில். வெர்லீன் தன் சாமான் ஒவ்வொன்றிலும் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்திருந்தாள். அரிசோனாப் பாலைவனத்து அந்த முகாமில் அந்தப் புள்ளி தெரியாத ஆள் கிடையாது.

ஆறு குளிர்காலமாக மேலாளருக்குக் கீழே முகாமைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். அதற்குக் கூலி, வாசலோரம் மர நிழலில் வண்டி நிறுத்த இலவச இடம். வீட்டை விற்றுவிட்டு வந்தவளுக்கு வேறு போக்கிடம் ஏது?

டோரீன் பதினோரு வருஷச் சிநேகிதி. இருவர் வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஊர் மாறும். புறப்படும்போது ஒருத்தி வண்டியை மற்றவள் சுற்றிப் பார்த்து, "பம்பர் மூடி போட்டாச்சுடி, கெளம்பு" என்று தட்டிச் சொல்வாள். மூடி கழன்றால் குழாய் நடுரோட்டில் விழுந்து மானம் போகும்.

அந்த டோரீன் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து நின்றாள். "என் எல்போ விரிஞ்சுபோச்சுடி. ஒரு நாளைக்குக் குடு."

"என் பல்செட்டைக் கேளு, தரேன். போயும் போயும் இதைக் கேக்கறியே" என்றாள் வெர்லீன். சொல்லிக்கொண்டே எடுத்தும் கொடுத்தாள். அங்கேதான் புத்தி கெட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை மேலாளர் ஹாஸ்கின்ஸ் அவளைப் பதினான்காம் இடத்துக்குக் கூட்டிப்போனார். ஆளில்லாத இடம். தரையெல்லாம் கழிவு. சாக்கடைத் துளையில் எல்போ மாட்டியபடியே இருந்தது, சிவப்புப் புள்ளியோடு. டோரீனும் மூக்கைப் பொத்திக்கொண்டு அங்கே நின்றாள்.

"சொல்லேண்டி, நீதானே வாங்கிட்டுப் போனே" என்றாள் வெர்லீன்.

டோரீன் மூக்கிலிருந்து கையை எடுத்தாள். பிறகு மேலாளரைப் பார்த்துச் சொன்னாள்: "இவ கக்கூஸ் சாமானை இரவல் குடுக்கவே மாட்டாளே. முகாமுக்கே தெரியுமே, சார்."

ஹாஸ்கின்ஸ் தலையாட்டினார். பெருமையாகச் சொல்லித் திரிந்த பேச்சே வெர்லீனுக்கு வினையாயிற்று. கூட இருந்தே குழி பறிப்பது என்பார்களே, அதை அவள் கண்ணால் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் இடத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். அந்த வேலையும் மர நிழலும் டோரீனுக்குப் போயின.

ஞாயிறு காலை வெர்லீன் வண்டியைக் கிளப்பினாள். டோரீன் வந்தாள், முகத்தைப் பார்க்காமல் வண்டியைச் சுற்றினாள், பக்கத்தைத் தட்டினாள். "மூடி போட்டாச்சுடி, கெளம்பு."

வெர்லீன் எஞ்சினை நிறுத்தினாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, டோரீன் சொன்ன பிறகும் இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தாள். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது.

அதிலாவது டோரீன் பொய் சொல்லியிருந்தால், வெர்லீன் அவளை வெறுத்துவிட்டு நிம்மதியாகப் போயிருப்பாள்.