மகளின் விடுப்பும் என் மூன்று பக்கமும்

மகப்பேற்று விடுப்பைப் பாதியில் முடித்து, மிச்சத்தைக் கணவனுடன் பகிர்ந்துகொள்வதாகப் பிரசவத்துக்கு முன் எழுதிக் கொடுத்த தாய், பிள்ளை பிறந்து ஆறு வாரத்துக்குள் அதை எழுத்தில் திரும்பப் பெறலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. இந்த நாட்டு உள்ளூராட்சிக் கவுன்சில் ஒன்றின் ஆளணிப் பிரிவில், ஊழியர்களின் விடுப்பைக் கவனிக்கும் வேலையில் இருந்தபோது இதை எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன்.

என் மகளும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தாள்: பிறந்து பன்னிரண்டு வாரத்தில் அவள் வேலைக்கு, மருமகன் விடுப்பில் வீட்டில். பிள்ளையைக் காணாதவர்களுக்கு எல்லாத் திட்டமும் அழகாகத்தான் இருக்கும். கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டில் இருந்த பேத்தியோ, பால் போத்தலைக் கண்டால் பக்கத்து ஊர் ஸ்ட்ரெதம் வரை கேட்கும்படி அழுதாள்.

"அப்பா, இவளை விட்டிட்டு என்னாலை வேலைக்குப் போகேலாது," என்றாள் மகள்.

"அவ்வளவுதானே? இண்டைக்கே எழுதுவம்."

"இஞ்சாருங்கோ, முப்பத்தொண்டு கழியட்டும்," என்றாள் மனைவி. "துடக்கு வீட்டிலை கையெழுத்து ஒண்டும் வேண்டாம்."

ஆறு வாரம் என்றால் நாற்பத்திரண்டு நாள்; பிள்ளை பிறந்த தீட்டு முப்பத்தோராம் நாளோடு கழிந்துவிடும். விட்டுக்கொடுத்தேன். முப்பத்திரண்டாம் நாள் அட்டமி, மறுநாள் நவமி. அவற்றுக்கும் விட்டுக்கொடுத்தேன். பிறகு நானே உட்கார்ந்து, விதிகளை எண்ணோடு காட்டி மூன்று பக்கம் எழுதி, நாலைந்து நாள் மெருகேற்றி, என் பெயரில் மின்னஞ்சல் அனுப்பினேன்.

நாற்பத்திரண்டாம் நாள் காலை மகளின் அலுவலகம் பதில் போட்டது: "அறிவித்தல் தாயிடமிருந்து வரவேண்டும். நீங்கள் யார்?" அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன், இரண்டாவது வாக்கியத்தைக் கொஞ்சம் மரியாதையாக.

"முப்பது வருஷச் சேர்விஸ்!" என்று சிரித்தாள் மனைவி. "பிள்ளையைப் பெத்தது ஆரெண்டு தெரியேல்லை."

மகள் பிள்ளையைத் தோளில் போட்டபடி, போனில் இரண்டு வரி தட்டி அன்றே அனுப்பினாள். ஒருமுறை தெரிவு செய்ததை மாற்ற முடியாது என்றது அலுவலகம். முறைப்பாடு கொடுத்தாள், அதையும் தள்ளினார்கள். தீர்ப்பாயத்துக்குப் போகுமுன் நடக்க வேண்டிய சமரசப் பேச்சுக்கும் அவளே விண்ணப்பித்தாள். இந்த முறை எனக்குக் கிடைத்த பொறுப்பு, தேநீர் போடுவது. அதையும் மனைவி மேற்பார்வை செய்தாள்.

வேலைக்குத் திரும்ப வேண்டிய திங்கட்கிழமை நெருங்கியது. மகள் அலுவலக உடுப்புகளை எடுத்து இஸ்திரி போடத் தொடங்கியிருந்தாள். அவளது அறிவித்தல் செல்லும், விடுப்பு முழுவதும் அவளுக்கே என்று, சமரசப் பேச்சில் இறங்கிவந்த அலுவலகத்தின் பதில், பேத்தி பிறந்த எண்பதாம் நாள், வியாழக்கிழமை மதியம் வந்தது.