மாத்திரை இறங்கிய பிறகு

எங்கள் மகளுக்குப் பத்து வயதில் கவனக்குறைபாடு இருப்பதாகத் தாம்பரத்து டாக்டரம்மா சொன்னார். பெயர்தான் எனக்குப் புதிது. "துணியக் காயப்போட்டுட்டு கதவச் சாத்திட்டு வா" என்றால் துணி காயும், கதவு திறந்தே கிடக்கும். திட்டினால், "ரெண்டாவதா ஒண்ணு சொன்னியாம்மா?" என்று நிஜமாகவே கேட்பாள்.

தினமும் காலையில் ஒரு மாத்திரை என்று முடிவானது. பெரும்பாக்கத்திலிருந்து என் கணவரின் அண்ணன் வந்து எதிர்த்தார்.

"பச்சப் புள்ளைக்கு மூளை மருந்தா? இருக்கிற ஞாபகமும் போயிடும்."

"எல்லாம் கேட்டுத்தான் மச்சான் கொடுக்கிறேன். நான் பாத்துக்கிறேன்."

பள்ளியில் மாற்றம் சீக்கிரமே தெரிந்தது. கணக்கில் மீதி வந்த எண்ணை அடுத்த வரிக்குப் போகும்வரை மனதில் வைத்திருந்தாள். ஆனால் அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு நடக்கும் குர்ஆன் வகுப்பில் அப்படியில்லை. எங்கள் தெருவிலேயே ஓதிக் கொடுக்கும் அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"புள்ள மூணாவது வரியிலயே நின்னுடுதும்மா. எவ்ளோ சொன்னாலும் மறந்துகினே கீது."

மச்சானுக்கும் செய்தி போய்விட்டது. "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று போனிலேயே ஆரம்பித்தார்.

நான் கலங்கவில்லை. மாத்திரையின் வேலை மதியத்துக்குப் பிறகு இறங்கிவிடும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். களைத்த நேரத்தில் புதிதாக எதையும் ஏற்றினால் எப்படி நிற்கும்? அக்காவிடம் போய், சனி ஞாயிறு காலையில் ஓதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன்.

"காலைலயா? சமையல் கீதேம்மா."

"வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேளுங்கக்கா."

சிரித்துவிட்டுச் சம்மதித்தார்.

சில வாரம் கழித்து மச்சான் வீட்டில் இரவு விருந்து. எல்லோர் முன்னாலும் அவளைக் கூப்பிட்டார்.

"எங்க, ஓது பாப்போம்."

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தொடங்கினாள். நடுவில் ஓரிடத்தில் நின்றாள். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. கண்ணை மூடித் திறந்தாள், அந்த வரியைத் தானே பிடித்துக்கொண்டு கடைசிவரை ஓதி முடித்தாள்.

மச்சான் என் பக்கம் திரும்பினார். "மாத்திரை போட்டுத்தான் கூட்டிட்டு வந்தியா?"

"அது மத்தியானமே இறங்கியாச்சு மச்சான். இது அவ மனசுல நின்னது."

"சரி, எப்ப நிறுத்துவ?"

"டாக்டர் சொல்றப்ப."

மாத்திரை இறங்கினால் அவளுக்கு அகோரப் பசி எடுக்கும். எங்கள் பேச்சு முடிவதற்குள் மச்சானிடம் தட்டை நீட்டினாள்.

"பெரியத்தா, பிரியாணி இன்னும் இருக்கா?"

அவரே எழுந்துபோய் அள்ளி வைத்தார்.