ஒரே நிறத்தில் ஒரு மரம்

என் காதுகுத்துப் பத்திரிகைகளை அப்பா மொத்தமாகத் தபாலில் சேர்த்தார். அந்தக் கட்டோடு அடுத்த தெருவில் இருக்கும் அம்மாவின் அக்காள், பெரியம்மை வீட்டுக்கான பத்திரிகையும் போய்விட்டது. காது எனக்குத்தான் குத்தினார்கள், வலி பெரியம்மைக்கு. நேரில் வந்து குங்குமம் கொடுத்து அழைக்காத வீட்டுக்கு அவள் எப்படி வருவாள்? வாழ்த்தையும் தபாலிலேயே அனுப்பினாள். அதன்பின் அக்காளும் தங்கையும் பேசி மூன்று வருஷமாயிற்று.

அவர்களுடைய ஒரே தம்பி, என் மாமா, எங்கள் வீட்டில் தங்கி, பாளையங்கோட்டையில் கணக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். என் ஸ்கெட்ச் பேனாக்களில் முக்கால்வாசியைத் தீர்த்தது அந்த ஆராய்ச்சிதான். தாள் முழுக்கப் புள்ளிகள், நடுவே கோடுகள். எந்த மூன்று புள்ளிகளைத் தொட்டாலும் அவை ஒரே நிறக் கோடுகள் வழியாக ஒன்று சேர வேண்டும்; அப்படியும் அதிகபட்சம் எத்தனை நிறம் போடலாம்? மாமாவின் வழி சுலபம். எல்லாப் புள்ளிகளையும் தொடும்படி பச்சையில் கிளை கிளையாக ஒரு மரம்; மிச்சக் கோடு ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிறம்.

நான் புள்ளிகளுக்கு அம்மா, பெரியம்மை, மாமா, நான் என்று பெயர் வைத்தேன். அம்மாவுக்கும் பெரியம்மைக்கும் நடுவே மட்டும் கோடு போடவில்லை.

"நேர்க்கோடு வேணும்னு இல்லட்டி. உன் வழியா சுத்திப் போனாலும், ஒரே நிறமா இருந்தா சேர்ந்த மாதிரிதான்" என்றார் மாமா.

அடுத்து வந்த ஞாயிறு அவருக்கு நிச்சயதார்த்தம். அம்பாசமுத்திரத்துக்கு எங்கள் வீட்டு வாசலிலிருந்து வேன். தாய் இல்லாத பிள்ளைக்கு மூத்த அக்காள்தான் தட்டு எடுக்க வேண்டும். அவள் வராமல் புறப்படுவதில்லை என்று மாமா சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்துவிட்டார். அவர் போய் அழைத்தது செல்லவில்லை. வீட்டுக்காரியான அம்மாதான் அழைக்க வேண்டும் என்றாளாம் பெரியம்மை. அம்மாவோ, "அவளுக்கும் தம்பிதான, நான் என்ன தனியா கூப்பிடுதது?" என்றாள்.

மாமாவைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. பச்சைதான் என் வழியாகப் போகலாமே. குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பெரியம்மை கதவைத் திறந்தாள். காலையிலேயே பட்டு உடுத்தி, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்திருந்தாள். கோயிலுக்குப் புறப்படுகிறாள் போல என்று நினைத்தேன்.

"அம்மா உங்களக் கூட்டிட்டு வரச் சொன்னா" என்றேன்.

"அவளா சொன்னா?"

"ஆமா பெரியம்மை."

சிமிழை நீட்டினேன். நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டினாள்.

வாசலில் அவளைக் கண்டதும் அம்மா என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த சிமிழைப் பார்த்தாள்.

"வாக்கா" என்றாள். "தட்டு அங்கன இருக்கு. ஒனக்குத்தான் வச்சிருக்கேன்."

அம்பாசமுத்திரம் போய்ச் சேரும்வரை எப்போது முதுகில் அடி விழுமோ என்று பயந்துகொண்டே இருந்தேன். விழவில்லை. நிச்சயதார்த்தச் சந்தடியில் அம்மா மறந்துவிட்டாள், நல்லவேளை தப்பித்தேன் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.