சமாதானக் கூட்டத்துக்குத் தேத்தண்ணி

கண்டி மாவட்டத்தில் ஹுன்னஸ்கிரியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்த காலத்தில், எங்கள் வட்டாரத்தில் ஒரு பெண்கள் குழு இருந்தது. அதில் இரண்டு பேர் எனக்கு நெருக்கம். ஒருவர் கீழே சந்தியில் தையல் கடை வைத்திருந்த முஸ்லிம் பெண். ராத்தா என்று கூப்பிடுவோம். மற்றவர் மரக்கறி விற்கும் சிங்கள அக்கா. ஊரில் வதந்தி கிளம்பினால் உண்மையை விசாரித்துச் சொல்வது எங்கள் வேலை.

ஒருநாள் சிங்கள இளைஞன் ஒருவன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தான். முஸ்லிம்கள் அடித்துக் கொன்றுவிட்டார்கள் என்று சந்தியில் கதை பரவியது. அக்கா உடனே பஸ் ஏறிக் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனார். அவன் உயிரோடு இருந்தான். வளைவில் வழுக்கி விழுந்ததாக அவனே சொன்னான்.

அக்கா திரும்பியபோது சந்தியில் கூட்டம் சேர்ந்திருந்தது. மூவரும் பொலிசுக்கு ஓடினோம்.

"பொடியன் நல்லா இருக்கான் சேர். ஸ்பீக்கர்ல சொன்னா சனம் கலைஞ்சிரும்" என்றேன்.

"உங்கள் வீடுகளில் ஆண்கள் இல்லையா?" என்று சிங்களத்தில் கேட்டார் அதிகாரி. வீட்டுக்குப் போகச் சொன்னார்.

அன்று மாலையே சந்தியிலிருந்த முஸ்லிம் கடைகளுக்குத் தீ வைத்தார்கள். தையல் மெஷினை வெளியே இழுக்கப்போன ராத்தாவின் கணவருக்கு இரண்டு கைகளும் வெந்துபோயின. கூட்டத்தின் முன்னால் நின்று, அவன் சாகவில்லை என்று கத்திய அக்காவின் கன்னத்தில் ஒருவன் அறைந்தான். அவருடைய பக்கத்து வீட்டுக்காரன்தான். அதன் பிறகு அந்தச் சந்தியில் அக்காவிடம் யாரும் மரக்கறி வாங்கவில்லை. அவர் மாத்தளையில் இருந்த தம்பி வீட்டுக்கே போய்விட்டார்.

சில வாரம் கழித்துச் சமாதானக் கூட்டம் என்று என்னையும் ராத்தாவையும் அழைத்தார்கள். மண்டபத்துக் கதிரைகளில் எல்லாம் ஆண்கள். ஒருவர் பரிமாறச் சொல்லி எங்களிடம் தேத்தண்ணித் தட்டை நீட்டினார்.

ராத்தா அதை வாங்கி மேசையில் வைத்தார். "நீங்களே ஊத்திக் குடிங்க. அன்டைக்கு பொலிசுக்கு வந்து சொன்னது நாங்க மூணு பொம்புளையள். அத யாரும் கேக்கல்ல. இன்டைக்காவது கேளுங்க."

நேரமில்லை என்றார் கூட்டத் தலைவர். சமாதானக் குழுவுக்குத் தெரிவானவர்களின் பெயர்களை வாசித்தார்கள். ஒரு பெண்கூட இல்லை.

"வாங்க டீச்சர். அவருக்குச் சோறு ஊட்டோணும்" என்றார் ராத்தா. நானும் அவரோடு எழுந்து வெளியே வந்தேன்.

மறு வருடம் தோட்டத் தமிழர்களான நாங்கள் குடியிருந்த லயங்களைத் தாக்க ஆட்கள் வரப்போவதாக ஒரு பேச்சு எழுந்தது. அந்தச் சமாதானக் குழுவிலிருந்து யாரும் எங்களுக்கு அறிவிக்கவில்லை. ராத்தாதான் எனக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னார்.