நஸீமா ரீச்சர் என்னை வெளியே அனுப்பிய சனிக்கிழமைகள்

இந்த நேரத்தில் எங்கள் பாடசாலை ஆசிரியர் குழுவில் எழுதுவதற்கு எல்லாரும் மன்னித்துக்கொள்ளுங்கள். மகள் நித்திரையான பிறகுதான் எனக்குக் கை ஓய்கிறது. இன்றைக்கும் அவள் சுணங்கித்தான் படுத்தாள். விடிந்ததும் எழுதலாம் என்று ஒவ்வோர் இரவும் தள்ளிப்போட்டுப் பார்த்தேன். விடிந்தால் நேரம் வருவதில்லை. உங்கள் கைபேசி சத்தம் போட்டு வீட்டில் யாரையாவது எழுப்பிவிட்டிருந்தால் காலையில் ஏசுங்கள்.

நஸீமா ரீச்சரைப் பற்றிய செய்தி வந்தபோது நான் மகள் மிதுவின் காதுக் கருவிக்கு பற்றரி மாற்றிக்கொண்டிருந்தேன். உப அதிபர்தான் அழைத்தார்.

"தங்கச்சி, இருந்துகொண்டு கேளுங்கோ. எங்கட நஸீமா ரீச்சர் மௌத்தாகிட்டா. சுபஹுத் தொழுகைக்கு எழும்பினவவாம், நெஞ்சு நோகுதெண்டு சொல்லியிருக்கிறா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வாகனம் சிலாவத்துறை தாண்டேல்ல."

"வடிவா விசாரிச்சனீங்களா, சேர்? ஆர் சொன்னது?" என்று கேட்டேன்.

"மகன்தான் எடுத்தவர். பக்கத்தில இருந்தவராம்."

அப்படி ஒரு செய்திக்கு அப்படி ஒரு கேள்வி கேட்டது பிறகு எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் ரீச்சர் கோபித்திருக்க மாட்டார். பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் அள்ளிக்கொண்டு வருகிற எந்தக் கதைக்கும் அவர் முதலில் கேட்பது அதுதான்: "பாத்தவர் ஆர், கேட்டவர் ஆர்?" நாங்கள் ரீச்சரின் ஊர் மறிச்சுக்கட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துவிட்டார்கள். பெண்கள் இருந்த அறையில் அவருடைய தங்கை என் மடியிலிருந்த பிள்ளையைப் பார்த்து, "இவதானா மிது? சனிக்கிழமைகளில இவட கதைதான் எங்கட ஊட்ல" என்றார். அதற்குப் பிறகு என்னால் அங்கே நெடுநேரம் இருக்க முடியவில்லை.

நான் எங்கள் பாடசாலைக்கு உயிரியல் படிப்பிக்க வந்த வருடம், பௌதிகம் படிப்பித்த ரீச்சருக்கும் எனக்கும் ஒரே ஆய்வுகூடம். யன்னல்கள் ஒழுங்காகப் பூட்டுப்படாத அந்த அறையை உங்களுக்குத் தெரியும். கச்சான் காற்று வீசிய ஒரு நாள், உயர்தரப் பிள்ளைகள் நூலில் குண்டைக் கட்டி ஆட்டி, அது ஆடும் நேரத்தை அளந்துகொண்டிருந்தார்கள். குண்டு நேராக ஆடாமல் வட்டம் போட்டது. ஆனால் கொப்பிகளைத் திருப்பினால் எல்லாருக்கும் புத்தகத்தில் இருந்த விடையே வந்திருந்தது. ரீச்சர் கொப்பிகளை மேசையில் அடுக்கிவிட்டு, "காத்து எங்க?" என்று கேட்டார்.

"என்ன ரீச்சர்?"

"வெளியால பனையோலை கிழியுது. உங்க ஒருத்தர்ட வாசிப்பிலயும் காத்தைக் காணேல்ல. எங்க போனது அது?"

பின்வாங்கில் இருந்த ஒருவன், "புத்தகத்தில காத்து இல்லத்தானே ரீச்சர்" என்றான்.

"புத்தகம் எழுதினவர் மன்னாருக்கு வரேல்ல மகன். வந்திருந்தா அவற்ற குண்டும் வட்டம்தான் போட்டிருக்கும். காத்தையும் எழுதுங்க."

விடை பிழைத்து, பக்கத்தில் "யன்னல் பூட்டுப்படேல்ல" என்று எழுதியிருந்த ஒரு பிள்ளைக்குத்தான் அன்றைக்குக் கூடிய புள்ளி. அதற்குப் பெற்றோர் கூட்டத்தில் முறைப்பாடு வந்ததும், அவர் எழும்பி, "ஓம், குடுத்தனான். அந்தப் பிள்ளைதான் அந்த அறையில இருந்தவ" என்று சொல்லிவிட்டு இருந்ததும் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். புத்தளத்தில் அகதி முகாமில் வளர்ந்து திரும்பி வந்தவர் என்பதால் அவருடைய பேச்சில் எங்கள் 'வாங்கோ' பாதியும் அந்த ஊர் 'வாங்க' பாதியும் கலந்திருக்கும். கோபம் வந்தால் முழுக்கப் புத்தளம்தான்.

இரசாயனம் படிப்பிக்கும் கதிர் சேருக்கும் அவருக்கும் ஓய்வறையில் நடந்த சண்டைகளைச் சொல்லாமல் விட முடியாது. சேர், நீங்களும் இதை வாசிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். "நஸீமா ரீச்சருக்குத் தேத்தண்ணி எண்டாலும் ரெண்டு கோப்பை வேணும். ஒண்டு குடிக்க, மற்றது ஒப்பிட்டுப் பாக்க" என்று சொன்னது நீங்கள்தான். "அப்ப மற்றதை நீங்க குடிச்சுப்போட்டு, சீனி கூடவா குறையவா எண்டு சொல்லுங்க. நான் போட்ட அளவைச் சொல்ல மாட்டன்" என்றார் அவர். நீங்கள் குடித்தீர்கள். பிழையாகவும் சொன்னீர்கள்.

இன்னொரு நாள் நீங்கள் கொஞ்சம் கடினமாகவே கேட்டீர்கள். "அஞ்சு நேரம் தொழுறியள். பிறகு வந்து எங்களிட்ட எல்லாத்துக்கும் ஆதாரம் கேக்கிறியள். அது எப்பிடி?" அவர் கதிரையை உங்கள் பக்கம் திருப்பினார். "தொழுகையில நான் ஆதாரம் கேக்கிறல்ல, சேர். ஊசல் ஆடக்குள்ள துஆவும் கேக்கிறல்ல. கேட்டா அந்த வாசிப்பு எனக்கு வேண்டின மாதிரித்தானே வரும்?" வேண்டினபடி வந்துவிடும் என்று அவர் பயந்தது ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. விடை சரியாக வருவதில் என்ன பயம்? என் பிள்ளை விஷயத்தில்தான் அது விளங்கியது.

மிதுவுக்கு இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை. "இவளின்ர தகப்பனும் சுணங்கித்தான் கதைச்சவர், எங்கட ஆக்கள் அப்பிடித்தான்" என்று மாமி சொன்னார். நானும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் மனம் கேட்காமல், ஒரு நாளைக்கு எத்தனையோ தரம் பிள்ளையின் பின்னால் போய்க் கை தட்டுவேன். பெரும்பாலும் திரும்புவாள். திரும்பினால் அந்த நாள் எனக்கு நல்ல நாள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த வாரம் ரீச்சர் வட்டிலப்பத்துடன் நறுவிலிக்குளத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். அவருக்கும் காட்டினேன். பானை மூடியை எடுத்துப் பிள்ளையின் முதுகுப் பக்கம் நின்று தட்டினேன். திரும்பினாள்.

"பாத்தியளா, ரீச்சர்?"

அவர் வட்டிலப்பத் தட்டை நிலத்தில் வைத்தார். "பாத்தன். அவ உங்கட நிழலைப் பாத்தவ, புள்ள. கதவடியில வெளிச்சம், உங்கட கை அவக்கு முன்னால விழுந்திச்சு. யன்னல் பக்கமா வாங்க."

நிழல் விழாத பக்கத்தில் அவர் நின்றார். நான் பிள்ளைக்கு முன்னால் விளையாட்டுச் சாமான்களோடு இருந்தேன். அவர் மூடியைத் தட்டினார். மிது திரும்பினாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவர் மட்டும் இல்லை என்று தலையாட்டினார்.

"இப்ப அவ உங்கட முகத்தைப் பாத்துத்தான் திரும்பினவ. நான் தட்டக்குள்ள நீங்க என்னைப் பாக்கிறீங்க. பிள்ளைக்கு உங்கட கண் போதும். நீங்க வெளியால போங்க."

எனக்குக் கோபம் வந்தது. என் வீடு, என் பிள்ளை, நான் ஏன் வெளியே போக வேண்டும்? சொல்லவும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நீங்க இருந்தா அவக்குக் காது கேக்கும். அதுதான் கரைச்சல்" என்றார்.

முற்றத்தில் முருங்கையடியில் நின்றேன். உள்ளே மூடி தட்டுப்படும் சத்தம் எனக்குக் கேட்டது, நின்றது, திரும்பவும் கேட்டது. சில நேரம் தட்டாமலே விட்டிருக்கிறார், பிள்ளை சும்மாவும் திரும்புகிறாளா என்று பார்க்க. வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். "திரும்பேல்ல புள்ள. ஆனா என்னை நம்பாதீங்க. உங்கட அவர் வரட்டும், அவரும் செஞ்சு பாக்கட்டும்." வயலிலிருந்து வந்த என் கணவரும் செய்து பார்த்தார். பிள்ளை திரும்பவில்லை. அவர் வெளியே வந்தபோதும் மூடி கையிலேயே இருந்தது.

அடுத்த கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு காதிலும் குறைபாடு என்றார்கள், கருவி பொருத்தினார்கள். வீட்டில் எந்தச் சத்தத்துக்குத் திரும்புகிறாள் என்று பார்த்து வந்து சொல்லச் சொன்னார்கள். அந்த வேலையை ரீச்சர் தானே எடுத்துக்கொண்டார். சனிக்கிழமைகளில் பஸ்ஸில் வந்து இறங்குவார், நான் முருங்கையடிக்குப் போவேன். கிழமைக்குக் கிழமை சத்தம் மாறக்கூடாது என்று ஒரு சில்வர் கோப்பையும் கரண்டியும் கொண்டுவந்து எங்கள் அலுமாரியிலேயே வைத்துவிட்டார். ஒன்றும் மாறவில்லை என்று சொல்லும் நாட்களில் பிள்ளையை மடியில் வைத்து நெடுநேரம் விளையாடிவிட்டுத்தான் போவார்.

ஒரு சனி, உள்ளேயிருந்து அவரே ஓடி வந்தார். "திரும்பினா புள்ள, திரும்பினா!" அன்று மாலை வீட்டில் பாயாசம் வைத்தோம். மறுநாள் ஞாயிறு. மழை. பஸ்ஸால் இறங்கி நனைந்துகொண்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"நேத்து நான் சொன்னது பிழை. இரவு முழுக்க யோசிச்சன். கரண்டியைத் தூக்கக்குள்ள என்ர முந்தானை அவட தோள்ல பட்டது. அது எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும் விட்டுட்டன்."

"பரவாயில்லை ரீச்சர். அதுக்காக இந்த மழையில..."

"பரவாயில்லை இல்ல. நாளைக்கு நீங்க அதை டொக்டரிட்ட சொல்லுவீங்க." முந்தானையைப் பிழிந்தார். "இப்ப உங்கட வியாதி எனக்கும் வந்திட்டுது. அவ கேக்கவேணும் எண்டு நானும் ஆசைப்படுறன். இனி நானும் முருங்கையடிக்குத்தான். உள்ளுக்கு நிக்க வேற ஆள் பாக்கவேணும்."

"ஆரைப் பிடிக்கிறது?"

"கதிர் சேர். அவருக்கு ஒருத்தர்லயும் ஆசை கிடையாதே" என்று சொல்லி அப்போதுதான் சிரித்தார். தலை துவட்டத் துவாய் எடுத்துக் கொடுத்தேன்.

கூட்டங்களில் விஞ்ஞானத்தைப் பற்றிப் பேசக் கேட்டால் நான் முன்பு அறிவு, கண்டுபிடிப்பு என்று ஏதாவது சொல்லியிருப்பேன். இப்போது என் நினைவில் வருவது மழையில் நனைந்த முந்தானை. பிள்ளையில் ஆசை இல்லாமல் அவர் பார்க்க வந்தவரில்லை. அந்த ஆசை வாசிப்பில் விழுந்துவிடாமல் இருக்கத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு தூரம் வந்தார். அடுத்த சனி சேரை அழைக்க இருந்தோம். அதற்கு முன்னால் ரீச்சர் போய்விட்டார்.

முந்தநாள் காலை குசினியில் பால்மா பேணியின் மூடி என் கையிலிருந்து விழுந்தது. வாசலைப் பார்த்து இருந்த மிது திரும்பினாள். திரும்பினாள் என்று நான் நினைக்கிறேன். எனக்குப் பின்னால் யன்னல் இருந்தது. நிழல் எந்தப் பக்கம் விழுந்தது என்று நான் பார்க்கவில்லை. என் கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவர் நம்பிவிடுவார். அடுத்த கிழமை கிளினிக். இந்தக் கருவியே போதுமா, கொழும்புக்கு அனுப்பி சத்திரசிகிச்சை செய்யவேண்டுமா என்று அன்றைக்கு முடிவெடுப்பார்கள். வீட்டில் என்ன கேட்கிறாள் என்று என்னிடம் கேட்பார்கள். ஓம், கேட்கிறாள் என்று பிழையாகச் சொன்னால் சத்திரசிகிச்சை சுணங்கிப் பிள்ளைக்குக் காலம் போய்விடும். பயத்தில் இல்லை என்று சொன்னாலும் பிழைதான்.

ரீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்தக் கோப்பையும் கரண்டியும், சொன்னதும் எழும்பி வெளியே போய் நிற்கும் பழக்கமும். இப்போது அதற்குக் கோபம் வருவதில்லை. முருங்கையடியில் நிற்க நான் ஆயத்தம். உள்ளே நிற்கத்தான் ஆள் இல்லை.

கதிர் சேர், உங்களால் வர முடியுமா? உங்களுக்கு வசதியில்லை என்றால் இதை வாசிக்கும் வேறு யாராவது. பிள்ளையோடு அதிகம் பழகாதவராக இருந்தால் நல்லது. வரும் சனி காலை, நறுவிலிக்குளத்தில் எங்கள் வீடு. தேத்தண்ணி இரண்டு கோப்பை வைப்பேன். யார் வருகிறீர்கள் என்று கெதியாக மறுமொழி போடுங்கள்.