ஆடியில் ஒரு கல்யாணம்

போன வாரம் ஒரு சாயங்காலம் ஆம்பூரில் நல்ல மழை. ஆடி மழை. ஜன்னலைத் திறந்ததும் மண் வாசனையும் அதன் தோளில் ஏறிக்கொண்டு தோல் பதனிடும் ஷாப்பு வாசனையும் சேர்ந்து வந்தன. வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு வேறு கவலை. நாளைக்கு லைனில் பாதி மெஷின் காலி என்று பழைய பயம்.

மறுநாள் சீக்கிரமே போய்க் கம்பெனி கேட்டில் நின்றேன். பஸ் வந்தது. நிறைந்து வந்தது. பெண்கள் இறங்கி, நனைந்த துப்பட்டாவை உதறிக்கொண்டு, அவரவர் மெஷினில் போய் உட்கார்ந்தார்கள். ஒரு ஸ்டூல் காலி இல்லை. சந்தோஷப்பட வேண்டிய ஆள் நான். ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தே தலை நரைத்தவள். வந்ததோ எரிச்சல்தான். அட, ஒருத்திக்காவது நிலத்தில் வேலை இருக்கக் கூடாதா?

இதே ஆளுங்கள் லீவு போட்டதற்காக நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் சூப்பர்வைசரான புதிதில் எங்கள் லைனில் முக்கால்வாசிப் பெண்கள் மலையடிவாரத்து ஊர்களிலிருந்து வந்தார்கள். எல்லாம் மழையை நம்பிய நிலம். ஆடியில் வேர்க்கடலை போடுவார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு மல்லாட்டை என்று பெயர். நடுநடுவே துவரை. ஆவணியில் களையெடுப்பு, ஐப்பசியில் பிடுங்கல், அதற்குப் பிறகும் ஈரம் மிச்சமிருந்தால் கொள்ளு. வெளிநாட்டுக்காரனுக்கோ அவன் ஊரில் குளிர் தொடங்கும் முன் ஷூ போய்ச் சேர வேண்டும். அதை இங்கே ஆடியில்தான் தைக்க வேண்டும். அவன் குளிரும் இவர்கள் மழையும் முட்டிக்கொள்ள இடம் கிடைக்காமல் என் லைனில் வந்து முட்டிக்கொள்ளும்.

அதனால் ஆடி மழைக்கு மறுநாள் எங்கள் லைனில் சாவு விழும். மாமியார், பெரியம்மா, நாத்தனார் வீட்டுக்காரரின் சித்தப்பா. ஒரு மழைக்கு இத்தனை பேர் சாகிற ஊர்களை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. ஒருத்தி ஒரே மாமியாரை இரண்டு ஆடியில் சாகடித்தாள்.

"போன வருசமே போய்ட்டாங்கன்னியேடி?"

"அது பெரிய மாமியாருக்கா. இது சின்னவங்க." கண் கூடக் கலங்கவில்லை.

சரி, கஸ்தூரிக்கு வருகிறேன். கஸ்தூரி என் லைனில் ஷூவின் முன்பக்கத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் மெஷின் நின்றால் அதற்குப் பின்னால் இருக்கிற மெஷினெல்லாம் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். ஒரு வருஷம் ஷிப்மென்ட் தலைக்கு மேல் வந்துவிட்டது. மேனேஜர் எங்களை நிற்க வைத்துச் சொன்னார்: சாவு, ஆஸ்பத்திரி, வீட்டுக் கல்யாணம், இந்த மூன்றுக்குத்தான் லீவு. வேறு காரணத்துக்கு வராதவர்கள் அப்புறம் வரவே வேண்டாம். சொன்னால் செய்கிற மனுஷர்.

அன்றைக்குச் சாயங்காலமே மழை கொட்டியது. ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடும்போது கஸ்தூரி மட்டும் என்னிடம் வந்தாள்.

"அக்கா, நாளைக்கு நான் வர்ல. மல்லாட்ட போடணும்."

"இத எங்கிட்ட சொல்லாத. சாவுன்னு சொல்லு."

"யாரு சாவு?"

"உன் மாமியார சொல்லேன். எல்லாரும் அதத்தான சொல்றாங்க."

"வெதைக்கப் போற நேரத்துல வாயில சாவுன்னு வருமாக்கா? வெத மொளைக்க வேணாமா?"

"காய்ச்சல்னு சொல்லு."

"வெத போடற கை என்னிது. அதுக்கு நோவுன்னு நானே சொல்றதா?"

பொய் சொல்லாதே என்று பிள்ளைகளிடம் மன்றாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பொய் சொல்லித் தொலையேன் என்று மன்றாடியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"அப்ப பேசாம வேலைக்கு வா."

"வெத உரிச்சி வெச்சாச்சி, அது ரொம்ப நாளு தாங்காது. ஏரும் சொல்லியாச்சி. நாளைக்கு உட்டா ஈரம் காஞ்சிடும். அப்பறம் வருசத்துக்கும் நெலம் சும்மாதான்."

"வேல போய்டும்டி."

"தெரியும்க்கா."

அவள் வீட்டுக்கு இரண்டும் வேண்டும். சம்பளத்தில் பிள்ளைகள் படிப்பு. மல்லாட்டையில் வருஷத்துக்கான எண்ணெயும் மாமியாருக்கு மருந்தும். எதை விடச் சொல்வது? பஸ் ஹாரன் அடித்தது.

"கல்யாணம்னு சொல்லிடுங்கக்கா. அது நல்ல வார்த்த." சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

அப்பாடா என்றிருந்தது. பஸ் திரும்பிப் போன பிறகுதான் உறைத்தது. ஆடியில் எவன் கல்யாணம் வைப்பான்?

காலையில் லைன் பொக்கை வாய் மாதிரி இருந்தது. மேனேஜர் நேராகக் கஸ்தூரியின் காலி ஸ்டூல் முன்னால் வந்து நின்றார்.

"எங்க இந்தப் பொண்ணு?"

"கல்யாணத்துக்குப் போயிருக்கு சார்."

"ஆடியில கல்யாணமா? மேல்விஷாரத்துல பொறந்த முஸ்லிம் எனக்கே தெரியும்மா அது."

"கிறிஸ்டியன் கல்யாணம் சார்."

"யாரு கிறிஸ்டியன், அவளா?"

"நாங்க சார். என் தம்பிக்கு."

என் தம்பி அப்போது பாலிடெக்னிக்கில் அரியர் எழுதிக்கொண்டிருந்தான். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார்.

"உன் தம்பி கல்யாணத்துக்கு அவ போயிருக்கா. நீ இங்க நிக்கற."

இருந்த மெஷின்களும் நின்றுவிட்டன. யாரோ ஒருத்தி சிரிப்பை இருமலாக மாற்றினாள்.

"ஷிப்மென்ட் நேரமாச்சேன்னு நான் போகல சார்."

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "பெரிய பேஜாரும்மா உங்களோட. அவ மெஷின்ல யாரு?"

"நான்தான் சார்."

"உக்காரு."

உட்கார்ந்தேன். சூப்பர்வைசர் ஆன பிறகு மெஷினைத் தொட்டே வெகு காலம். ஊசி உடைந்தது. என் தையல் சேற்றில் மாடு நடந்த தடம் மாதிரி போனது. கழித்துப் போட வேண்டிய ஜோடிகளை மேனேஜரே எடுத்து ஓரமாக வைத்தார். சாயங்காலம் எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் கஸ்தூரி வந்தாள். நகக்கண்ணில் செம்மண். நான் அவளுக்கு எதையும் சொல்வதற்குள் அவர் வந்துவிட்டார்.

"கல்யாணம் நல்லா நடந்துச்சாம்மா?"

"நல்லா நடந்துச்சி சார். ஈரம் நல்லா எறங்கிருக்கு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த லைனுக்குப் போய்விட்டார். கஸ்தூரியின் வேலை தப்பியது. எனக்குத்தான் மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அதோடு முடிந்ததா? ஐப்பசியில் அவள் மல்லாட்டையைப் பிடுங்கி, உப்புப் போட்டு அவித்து, தூக்குச் சட்டி நிறையக் கொண்டுவந்தாள். அவித்த மல்லாட்டையின் ஆவி வந்தால் தோல் வாசனையே பின்வாங்கும். மெஷினில் வைத்துத் தின்னாதீர்கள் என்று கத்தினேன். கத்திக்கொண்டே நானும் தின்றேன். கொஞ்ச நாள் கழித்து வெளிநாட்டிலிருந்து ஒரு போட்டோ வந்தது. பளபளவென்று ஒரு ஷூ. அதற்குள் ஒரு மல்லாட்டைத் தோல். மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இது உன் தம்பி கல்யாணத்துல போட்டதா?"

அந்த மேனேஜர் இப்போது கம்பெனியில் இல்லை. போன வாரம் புது மேனேஜர், சின்னப் பையன், போனைப் பார்த்துக்கொண்டே, "இன்னிக்கு ஒரு ஆப்சென்ட் கூட இல்ல மேடம், சூப்பர்" என்றான். மலையடிவாரத்திலிருந்து வருகிற ஒரு பெண்ணிடம், உங்கள் ஊரில் மழை எப்படி என்று கேட்டேன். "பேஞ்சிச்சாக்கா? ஃபேன் சத்தத்துல தெர்ல" என்றாள்.

மனசு கேட்காமல் கஸ்தூரிக்குப் போன் போட்டேன். அவள் வேலையை விட்டு நாலைந்து வருஷம் ஆகிறது. "மழ நல்லா பேஞ்சிச்சே" என்றேன்.

"ஆமாக்கா, மாடில காயப்போட்ட துணியெல்லாம் நனஞ்சிபோச்சி."

"நெலத்துல ஒண்ணும் போடலியா?"

"எங்கக்கா போடறது? போட்டா காட்டுப்பன்னி நோண்டிடுது. வெதைக்க ஆளும் கெடைக்கல. கூப்ட்டா வர்றவங்க எல்லாம் உங்க கம்பெனியிலதான கீறாங்க."

பேச்சை மாற்ற மாமியாரைப் பற்றி விசாரித்தேன்.

"மாசியில போய்ட்டாங்கக்கா."

"நெசமாவா?" என்று கேட்டுவிட்டேன். பழக்க தோஷம். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நெசமாத்தான்" என்றாள். "இனிமே சாவுங்கற வார்த்தய எந்த மாசத்துல வேணா சொல்லலாம்க்கா. நெலத்துலதான் வெத இல்லியே."