டிஸ்சார்ஜ் என்ற ஒரு சொல்

மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் நான் சேர்ந்து மூன்றாவது கிழமை. நான் வளர்ந்த அம்மருட்டில், பள்ளிக்கூடத்தில் வெளிநாட்டு மொழியாக ஜெர்மனா ஸ்பானிஷா என்று கேட்டபோது ஸ்பானிஷைத் தெரிந்தெடுத்து, பிறகு பல்கலைக்கழகத்திலும் அதையே படித்தவள் நான். "அதுக்கு ஆர் உனக்கு வேலை தருவினம்?" என்று அம்மா கவலைப்பட்டுக்கொண்டே இருந்தா.

அன்று வந்த ஃபைல், ஆறாத புண்ணில் பூட்டி, அதில் ஊறும் நீரை உறிஞ்ச வீட்டிலேயே பாவிக்கும் சின்ன பம்ப் ஒன்றுடையது. திரையில் வரும் ஆங்கில வசனங்கள் மட்டும் இருந்தன, படம் ஒன்றுமில்லை. பின்னேரத்துக்குள் ஸ்பானிஷில் கொடுக்க வேண்டும். அதில் ஒரு வரி: "டிஸ்சார்ஜ்: பம்பை நிறுத்தி நர்ஸைக் கூப்பிடவும்."

ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு விடுவதும் டிஸ்சார்ஜ்தான். பற்றரி இறங்குவதும், புண்ணில் இருந்து வடிவதும் அதே சொல்தான். ஸ்பானிஷில் மூன்றுக்கும் மூன்று சொல். கம்ப்யூட்டர் தானாகச் செய்த மொழிபெயர்ப்பு முதலாவதைப் போட்டிருந்தது.

என் வேலையைச் சரிபார்ப்பவர் ரமோன். சிலியில் இருந்து அகதியாக வந்த வயதான மனுசர். 'பிள்ளை' என்பதற்கு ஸ்பானிஷில் உள்ள சொல்லால்தான் என்னைக் கூப்பிடுவார்.

"எந்தச் சொல் வரும்?" என்று அவரிடம் கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும், பிள்ளை? நான் மெஷினைப் பாக்கேல்லையே. நீயும் பாக்கேல்லை."

பம்ப் கம்பனிக்குப் போன் எடுத்தேன். விற்பனைப் பகுதியில் இருந்த பெண், "பற்றரிதான். வேறென்ன? கெதியா அனுப்புங்கோ" என்றா. அவ சொன்னபடி எழுதியிருக்கலாம். மனம் கேட்கவில்லை. புதிசாகச் சேர்ந்தவள் வேலையைச் சுணக்குகிறாள் என்று சொல்வார்களே என்ற பயமும் இருந்தது.

"நேரே போய் மெஷினைப் பாத்திட்டு வா. கேட்டால் நான் அனுப்பினது எண்டு சொல்லு" என்று ரமோனே என் ஜாக்கெட்டை எடுத்துத் தந்தார்.

கம்பனி இருந்த லில்லெஸ்ட்ரோமுக்கு ரயில் எடுத்தேன். அங்கே பம்பைச் செய்த எஞ்சினியர் ஹென்ரிக் அதை மேசையில் வைத்து, குழாய்க்குள் சிவப்புத் தண்ணீரை ஓடவிட்டார். அளவுக்கு மிஞ்சி ஓடியதும் அந்த வரி திரையில் வந்தது.

"அப்ப இது பற்றரி இல்லையா?" என்றேன்.

"இல்லை, புண்ணிலை இருந்து கனக்க வடிஞ்சால் வாறது. ரத்தமாயும் இருக்கலாம்." சொல்லும்போதே அவருடைய முகம் மாறியது. "பற்றரி எண்டு ஆர் சொன்னது?"

நான் சொன்னேன். அவர் உடனே ஏற்கெனவே முடிந்திருந்த ஜெர்மன் மொழிபெயர்ப்பைத் திறந்து பார்த்தார். அதில் பற்றரி என்றுதான் இருந்தது. நோயாளி சார்ஜரைத் தேடிக்கொண்டிருக்க, அங்கே ரத்தம் போய்க்கொண்டிருக்கும். நல்லவேளை, அந்த ஜெர்மன் பம்புகளின் பெட்டிகள் இன்னும் வெளியே போகவில்லை. எனக்கு முன்னாலேயே போன் எடுத்து எல்லாவற்றையும் மறித்தார்.

திரும்பி வந்து அந்தச் சொல்லையே விட்டுவிட்டேன். "புண்ணில் இருந்து கனக்கத் தண்ணீரோ ரத்தமோ வந்தால்" என்று ஸ்பானிஷில் நீட்டி எழுதினேன். திரையில் இடம் காணாது என்று போனில் சொன்னதற்கு ஹென்ரிக், "எழுத்தைச் சின்னனாக்காமல் இரண்டு வரியாப் போடுறன்" என்றார்.

ரமோன் அதைச் சத்தமாக வாசித்தார். எதையும் திருத்தவில்லை. "என்ரை அம்மா பள்ளிக்கூடம் போகாதவ. அவவுக்கும் இது விளங்கும்" என்றார். அவரிடம் இருந்து நான் வாங்கிய முதல் பாராட்டு அது.

இப்போது இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: அகராதி எல்லா அர்த்தத்தையும் தரும். எது வேண்டும் என்று தெரியாவிட்டால் கேளுங்கோ; கேட்டும் தெளியாவிட்டால் நேரே போய்ப் பாருங்கோ.